வாசலைப் பார்த்த துப்பாக்கி

நான் துப்பாக்கி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். இப்படிச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏதோ ராணுவக் குடும்பம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ராணுவமாவது மண்ணாங்கட்டியாவது! வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிழைத்த குடும்பம். வடகவுஞ்சிக்கு மேலே, மேகம் அடுப்படிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும் ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் மூன்று வீடுகளில் மட்டும் லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி இருந்தது. காட்டுப்பன்றியிடமிருந்து வெள்ளாமையைக் காப்பாற்றிக்கொள்ளச் சர்க்கார் கொடுத்த அனுமதி அது. அந்த மூன்றுக்கும் ‘துப்பாக்கி வீடு’ என்று பெயர். மற்றதெல்லாம் வெறும் வீடு.

நான் பிறந்தது பண்ணைக்காட்டில். ஐம்பதுகளின் பின்பாதியில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது தரகர் மாப்பிள்ளையின் படிப்பைச் சொல்லவில்லை, நிலத்தைச் சொல்லவில்லை. வந்து உட்கார்ந்ததும், “துப்பாக்கி வீடுங்க” என்றார். அப்பாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்! அம்மா மட்டும் கதவோரம் நின்று, “பையன் கொணம் எப்படி? குடி கிடி உண்டா?” என்று கேட்டாள். “துப்பாக்கி வீடுன்னு சொல்றாங்கல்ல, பெறகென்ன கேள்வி?” என்று அப்பா அவள் வாயை அடைத்துவிட்டார். மாப்பிள்ளை குடிக்காதவர் என்பது என் அதிர்ஷ்டம். வாயையும் திறக்காதவர் என்பது அந்த வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் போனதும் விளக்கேற்றச் சொன்னார்கள், ஏற்றினேன். அடுத்து நடுவீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கிய துப்பாக்கியைக் காட்டி விழுந்து கும்பிடச் சொன்னார்கள். பட்டுப்புடவையோடு ஓர் இரும்புக் குழாயின் முன்னால் விழுந்து எழுந்தேன். எழுந்தபோது என் நெற்றியில் மாமியார் திருநீறு பூசினார். துப்பாக்கிக்கும் பூசினார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பன்றி வராத ஊர் என்று நான் சொல்லவே மாட்டேன். ஒரே ராத்திரிக்குள் உருளைக்கிழங்குக் காட்டை உழுது போட்டதுபோல் புரட்டிவிட்டுப் போகும். அந்தக் காட்டில் உட்கார்ந்து நானும் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன். ஆனால் அந்தத் துப்பாக்கி பன்றியைச் சுட்டதை நான் பார்த்தது அபூர்வம். பன்றிக்குப் பெரும்பாலும் தகரம் தட்டுவதும் தீப்பந்தம் காட்டுவதும்தான் சோலி. துப்பாக்கி போன இடமெல்லாம் வேறு. பொலி பங்கிடும் தகராறு, வரப்புத் தகராறு என்று ஊர் கூடினால் என் மாமனார் அதை மடியில் குறுக்கே போட்டுக்கொண்டு உட்காருவார். சுடவெல்லாம் மாட்டார். சும்மா தடவிக் கொடுத்துக்கொண்டே இருப்பார். எதிரே நிற்பவனுக்குக் குரல் தானாக இறங்கிவிடும். கல்யாண ஊர்வலத்தில் அது முன்னால் போகும், மாப்பிள்ளை பின்னால் போவார். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள்கூட மூன்று துப்பாக்கி வீட்டுக்கும் போய்க் காப்பி குடித்துவிட்டு, மற்ற வீடுகளைப் பார்த்துக் கும்பிடு போட்டுக்கொண்டே இறங்கிவிடுவார்கள்.

எங்கள் மலைக்காரர்களை மட்டும் சொல்லி என்ன பயன்? கொடைக்கானல் மண்டியில் பூண்டு போடப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேனே. காக்கி அரைக்கால்சட்டை போட்ட துரைமாரும், துரைமார் போன பிறகு அவர்கள் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்ட நம் ஆட்களும், தோளில் துப்பாக்கியோடு பஜாரில் நடப்பார்கள். செத்த காட்டெருமையின் மேல் காலை வைத்து நின்று எடுத்த போட்டோவை ஸ்டூடியோக்காரர் கண்ணாடிக்குள் மாட்டி வைத்திருப்பார். படித்தவனும் அதைப் பார்த்து வாயைப் பிளப்பான், படிக்காதவனும் பிளப்பான். இதில் என் மாமனாரை மட்டும் தனியாகத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் திட்டத்தான் போகிறேன்.

ஆயுத பூசைக்கு வருகிறேன். ஏர், மண்வெட்டி, அரிவாள் எல்லாவற்றையும் கழுவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் வைப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். எங்கள் வீட்டில் நடுநாயகமாகத் துப்பாக்கி இருக்கும். அதையும் வெறுமனே வைக்க மாட்டார்கள். வெறும் துப்பாக்கியைச் சாமி முன்னால் வைத்தால் அந்த வருஷம் குறி தப்பும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் குழாய் வழியாக மருந்தைக் கொட்டி, ரவையையும் போட்டு, கம்பியால் இடித்து நிரப்பி, மருந்தைப் பற்றவைக்கும் பொட்டுக் கேப்பும் மாட்டித்தான் வைப்பார்கள். கேப்பை அடிக்கும் இரும்புக்குக் குதிரை என்று பெயர். அந்தக் குதிரையைப் பின்னால் இழுத்து நிறுத்திவிட்டு அதன் நெற்றிக்குக் குங்குமம் வைக்க வேண்டும், அதுவும் ஒரு சாஸ்திரம். பூசை முடிந்ததும் மாமனார் அதைக் களத்துக்கு எடுத்துப்போய் மலையைப் பார்த்து ஒரு வெடி போடுவார். அதற்குப் பிறகுதான் ஊருக்குப் பொரி.

மலையைப் பார்த்துச் சுட மருந்து மட்டும் போதாதா, ரவை எதற்கு என்று நான் முதல் வருஷமே கேட்டேன். “அரை வயித்தோட சாமி முன்னாடி வைக்கச் சொல்றியா?” என்று மாமியார் கேட்டார். துப்பாக்கிக்கு வயிறு இருந்தது. பொரிக்காக வாசலில் நின்றவர்களின் வயிற்றை யார் நினைத்தார்கள்?

இன்னொன்றும் இருந்தது. குழாயின் வாய் எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்பது. சாமி படத்தைப் பார்த்து வைக்க முடியுமா? அபச்சாரம். வீட்டுக்காரர்கள் பக்கச் சுவரோரம் நிற்போம், அந்தப் பக்கமும் வைக்க முடியாது. மிச்சம் இருந்தது வாசல். அதனால் வாசலைப் பார்த்து வைத்தார்கள். எத்தனை தலைமுறையாக என்று யாருக்கும் தெரியாது. வாசற்படிக்கு அந்தப் பக்கம் முற்றத்தில் யார் நிற்பார்கள்? எங்கள் காட்டில் கூலி வேலை பார்க்கிறவர்கள். படி தாண்டி உள்ளே வரக்கூடாதவர்கள். சாமிக்கு ஆபத்து வரக்கூடாது, எங்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்று அவ்வளவு யோசித்தவர்களுக்கு எதிரே நிற்கிற ஜனங்கள் கண்ணிலேயே படவில்லை.

அறுபதுகள் தொடங்கிய சமயம் அது. பேத்துப்பாறையிலிருந்து ஒரு பெண், புருஷனோடும் ஒரு பெண்குழந்தையோடும் வந்து எங்கள் காட்டுக் கொட்டகையில் தங்கி வேலை செய்துகொண்டிருந்தாள். என் வயசுதான் இருக்கும். விதைப்பூண்டைப் பல் பல்லாகப் பிரிப்பதில் அவள் விரலுக்கு ஈடு கிடையாது. பேசிக்கொண்டே பிரிப்பாள், சிரித்துக்கொண்டே பிரிப்பாள், ஒரு பல்லில்கூட நகம் பட்டிருக்காது. என்னைச் சின்னம்மா என்று கூப்பிடுவாள். மாமியார் இல்லாத நேரமாகப் பார்த்து, “சின்னம்மா, ஒங்க வீட்டய்யா இன்னைக்காவது வாயத் தொறந்தாரா?” என்று கேலி பண்ணுவாள். அந்த ஊரில் என்னைச் சிரிக்க வைத்த ஒரே ஆள் அவள்தான்.

அந்த வருஷத்து ஆயுத பூசையில் அவள் முற்றத்தில் முன்வரிசையில் நின்றாள். பொரிக்கு முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தாள். மாமனார் சூடத்தட்டைச் சாமிக்குக் காட்டிவிட்டு, ஏருக்குக் காட்டிவிட்டு, துப்பாக்கிக்குச் சுற்றினார். தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. எரிந்துகொண்டிருந்த சூடம் வழுக்கி நேராகக் கேப்பின் மேல் விழுந்தது.

வீடே இடிந்ததுபோல் ஒரு சத்தம். ஒரே புகை. எல்லோரும் அலறினோம். அந்த அலறலுக்கு நடுவில் என் மாமியார் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? “சாமி படம் ஒடஞ்சிருச்சா, பாருங்க!”

படம் உடையவில்லை. நான் வாசலுக்கு ஓடினேன். அவள் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. தன் வலது கையை மடியில் வைத்து அது யாருடைய கை என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். கை என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை.

புடவையைக் கிழித்துக் கட்டினேன். மூங்கிலில் போர்வையைத் தொட்டிலாகக் கட்டி அவளைத் தூக்கிப் போட்டார்கள். நான் கூடப் போவேன் என்று நின்றேன். மாமனார் தடுக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டு, “ஆஸ்பத்திரியில கேட்டா கரடி அடிச்சிருச்சுன்னு சொல்லிரணும், வெளங்குதா? லைசென்சு போயிரும்” என்றார். அவளுடைய புருஷனிடமும் அதையே சொன்னார். பாவம், அவன் அந்த வீட்டுக் கூலியை நம்பி இருக்கிறவன், தலையை ஆட்டினான்.

பெருமாள்மலை வரைக்கும் இறக்கிக்கொண்டு போனோம். அங்கே கொடைக்கானல் பஜாரில் பூண்டு மண்டி வைத்திருந்த பாய் ஒருவரின் லாரி மூட்டை ஏற்றிக்கொண்டு நின்றது. பாய் கீழே இறங்கி ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. “ஏலே, மூட்டையெல்லாம் எறக்கிப் போடு. ரோட்டுலயே கெடக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம். வெரசா!” என்று டிரைவரை விரட்டினார். அந்த ஒரு நாளில் மனுஷத் தன்மையோடு நடந்துகொண்ட ஆள் என்று எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருவர் இருந்தார். புத்தகத்தில் உள்ளதுபோல் தமிழ் பேசுவார். “இது எவ்வாறு நேர்ந்தது?” என்று கேட்டார். புருஷன்காரன் தரையைப் பார்த்துக்கொண்டு, “கரடிங்கம்மா” என்றான். டாக்டரம்மா பக்கத்தில் இருந்த தட்டைக் காட்டினார். அதில் ஈய ரவைகள் கிடந்தன. காயத்தைச் சுற்றிக் கரிமருந்து கறுப்பாக அப்பியிருந்தது. எந்தக் கரடி மருந்து இடித்துச் சுடும்? எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “துப்பாக்கிங்கம்மா. எங்க வீட்டுத் துப்பாக்கி. பூசையில வச்சிருந்தது, வெடிச்சு இவ மேல பட்டுருச்சு” என்றேன். அவர் தலையை அசைத்துவிட்டு உள்ளே போனார். மணிக்கட்டுக்கு மேலே கையை எடுத்துவிட்டார்கள். அவர்களால் காப்பாற்ற முடிந்தது உயிரை மட்டும்தான்.

நான் ஊர் திரும்புவதற்குள் செய்தி திரும்பிவிட்டது. துப்பாக்கி வீட்டு மருமகளே துப்பாக்கியைக் காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று மூன்று வீட்டிலும் ஒரே பேச்சு. இன்னொரு பக்கம், அவள் தீட்டோடு வந்து நின்றிருப்பாள், அதனால்தான் சாமி தண்டித்துவிட்டது என்று ஒரு கதை கட்டினார்கள். சூடத்தைச் சிந்தியது ஒருவர், சாமிக் குற்றம் இன்னொருத்தி தலையில்! இதைச் சொன்னதும் பெண்கள்தான்.

சில நாளில் போலீஸ் அதிகாரி ஒருவர் மேலே ஏறி வந்தார். வந்தவருக்கு நாட்டுக்கோழி அடித்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் துப்பாக்கியைக் கொண்டு வரச் சொன்னார். எனக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது. அவர் அதை வாங்கித் தோளில் வைத்து, முற்றத்துப் பேரிக்காய் மரத்தைக் குறி பார்த்தார். “நல்ல பீஸுங்க. இப்பல்லாம் இந்த வேலைப்பாடு எங்க கெடைக்குது?” என்றார். மாமனார் வெட்கப்பட்டுச் சிரித்தார். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் புகழ்ந்ததுபோல் இருந்தது.

கை போனவள்தான் தீபாவளிக்கு வாங்கி வைத்திருந்த பட்டாசை அடுப்போரம் வைத்து வெடிக்க விட்டுவிட்டாள் என்று பேசி முடித்தார்கள். கஞ்சிக்கு உப்பு வாங்கவே யோசிக்கிறவள் ஆயுத பூசைக்கே பட்டாசு வாங்கி வைத்திருந்தாளாம்! யாருக்குக் காது குத்துகிறார்கள்? நான் காப்பி டம்ளரை வைக்கிற சாக்கில் போய், “சார், பட்டாசு இல்லைங்க. இந்தத் துப்பாக்கிதான். நான் அங்கதான் நின்னேன்” என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மாமனாரைப் பார்த்து, “வீட்டுப் பொம்பளைங்க ரொம்பப் பயந்துட்டாங்க போல” என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். என் புருஷன் சிரிக்கவில்லை, பேசவும் இல்லை. துப்பாக்கி திரும்பவும் ஆணிக்குப் போனது.

அன்றைக்குச் சாயங்காலம், “இன்னொரு வாட்டி வாயத் தொறந்த, பண்ணைக்காட்டுக்கே அனுப்பி வச்சிருவேன்” என்றார் மாமனார். “அனுப்புங்க மாமா. அங்க வெறும் வீடுதான் இருக்கு, நிம்மதியா இருப்பேன்” என்றேன். என்னை அனுப்பவில்லை. பூண்டு நடவு சமயம், வீட்டில் ஆள் வேண்டியிருந்தது.

அவள் கை ஆறித் திரும்பி வந்தாள். வேறு எங்கே போவாள்? பூண்டை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு இடது கையால் பிரித்துப் பழகினாள். கேலி பேசுவது மட்டும் நின்றுவிட்டது. ஒரு நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தபோது தலையைத் தூக்காமல் சொன்னாள்: “சின்னம்மா, போன கை போச்சு. அதப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல. அடுத்த வருசம் அந்தச் சனியன வாசலப் பாத்து வைக்கக் கூடாது. எனக்கு ரெண்டு கையால முந்தானையப் பிடிக்க முடியாது. எம் மகதான் பாவாடையப் பிடிச்சுக்கிட்டு முன்னாடி நிப்பா.”

அவள் கேட்டது அவ்வளவுதான். நான் புருஷனிடம் சொன்னேன், அவர் வெற்றிலை மென்றார். மாமனாரிடம் நானே போய்ச் சொன்னேன். ஒருமுறை இல்லை, வருஷம் முழுக்கச் சொன்னேன். பூசை நெருங்கியபோது தொல்லை தாங்காமல் அவரே களத்துக்குப் போய், எல்லாரும் கேட்க அவளைக் கூப்பிட்டு, “ஏ புள்ள, இந்த வருசம் மருந்து கெடையாது, ரவை கெடையாது. காலியாத்தான் வைப்பேன். ஆனா பரம்பரையா வச்ச பக்கத்த மாத்த மாட்டேன். எம் பேச்சு பேச்சுதான்” என்றார். அவள் தலையை ஆட்டினாள். நானும் நம்பினேன்.

பூசை நாள் வந்தது. வெள்ளனே எழுந்து வீடு கழுவினோம். ஏர் வைத்தார்கள், அரிவாள் வைத்தார்கள், துப்பாக்கி வைத்தார்கள். குழாய் வாசலைப் பார்த்தது. குதிரை பின்னால் இழுத்து நின்றது. முற்றத்தில் அவள் மகள் பாவாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். மாமனார் சூடம் ஏற்றினார்.

“அய்யா” என்று வாசலிலிருந்து ஒரு குரல். அவள் மகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு படிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். “காலியாத்தானே கெடக்கு?”

“காலிதான். சொன்னேன்ல?”

“அப்ப ஒங்க பக்கம் திருப்பி வைங்கய்யா.”

முற்றத்தில் ஊரே நிற்கிறது. முடியாது என்று மாமனாரால் சொல்ல முடியவில்லை. சொன்னால் காலி இல்லை என்று ஆகிவிடும். சூடத்தட்டைக் கீழே வைத்தார். துப்பாக்கியைத் தூக்கி, நாங்கள் நின்ற சுவர்ப் பக்கம் பார்த்து வைத்தார். மீண்டும் தட்டை எடுத்தார்.

முதலில் என் மாமியார் நகர்ந்தார். எண்ணெய் ஊற்றப் போவதுபோல் விளக்குப் பக்கம் போய்விட்டார். என் கொழுந்தன் தன் மகனின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனான். என் புருஷன் என் முழங்கையைப் பிடித்துத் தள்ளினார். என் இடுப்பில் என் குழந்தை இருந்தது. நான் நகர மாட்டேனா? நகர்ந்தேன். கடைசியில் மாமனாரும் நின்ற இடத்திலிருந்து ஓர் ஓரமாக ஒதுங்கி, கையை நீட்டி, தூரத்திலிருந்து சூடம் காட்டினார். அந்தச் சுவரோரம் ஓர் ஈ காக்கை இல்லை. காலித் துப்பாக்கி!

அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

“பாத்துக்கிட்டியாடி?” என்று மகளிடம் கேட்டாள். அந்தக் குழந்தைக்கு என்ன புரிந்ததோ, விரித்துப் பிடித்திருந்த பாவாடையைக் கீழே விட்டது. இருவரும் திரும்பி நடந்தார்கள். பிறகு அவள் புருஷன் போனான். பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் போனார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் மண்ணைத் தூற்றவில்லை. முற்றம் காலியாகிவிட்டது.

மாமனார் தட்டோடு நின்றுகொண்டே இருந்தார். “என்ன திமிர் பாத்தியா? பொரி வேணாமாம்!” என்று மாமியார் கத்தினார். நான் குழந்தையை இறக்கிவிட்டு, வாசற்படியைத் தாண்டி, அவர்கள் நின்ற இடத்தில் போய் நின்று வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தேன். “மாமா, இப்ப வாசலப் பாத்துத் திருப்பி வைங்க” என்றேன். அவர் கை துப்பாக்கியின் பக்கம் போகவில்லை.